நாலு காலும் பசுவும்

பிப்ரவரி 3
தர்க்கத் தேர்வுத் தாள் நூற்றுப் பன்னிரண்டு. திருத்தித் திருத்தி மணிக்கட்டு விட்டுப்போச்சு. ஏழாம் கேள்வியில் மூன்று வட்டம் போட்டு, வாதம் செல்லுமா செல்லாதா என்று காட்ட வேண்டும். வட்டத்துக்குள் போட வேண்டிய பெருக்கல் குறியை இரண்டு மாணவர்கள் மூன்று வட்டத்துக்கும் வெளியே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். என் பதினெட்டு வருஷத்தில் யாரும் செய்யாத தப்பு. இன்னொரு தாளிலும் அதே. அந்தக் குட்டைப்பின்னல் பெண்ணுடையது. (பெயர் எழுத மாட்டேன். வீட்டுக்காரர் இந்த நோட்டை எடுத்துப் படிக்கிற ஆள்.)

பிப்ரவரி 5
அந்த இருவரும் ஒரே துண்டுச்சீட்டைப் பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டார்கள். குட்டைப்பின்னல் மட்டும், "நானா யோசிச்சுப் போட்டது மேடம்" என்றாள். யோசித்தால் அப்படியா வரும்? அறிக்கை எழுதினேன்: காப்பி அடித்தவர்கள் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள்; இவளும் செய்திருக்கிறாள்; ஆகவே இவளும் காப்பி அடித்தவள்.

"உங்க அறிக்கைன்னா கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடலாம்" என்றார் முதல்வர். போட்டார். மூவருக்கும் ஒரு வருஷம் நீக்கம்.

பிப்ரவரி 12
முதலாண்டு வகுப்பு. வழக்கமான உதாரணம். பசுவுக்கெல்லாம் நாலு கால். இந்த மேசைக்கும் நாலு கால். ஆகவே இந்த மேசை பசு. பிள்ளைகள் சிரித்தார்கள், வருஷா வருஷம் சிரிக்கிற இடம். "ஏன் செல்லாது?" என்று கேட்டேன். கேட்டவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பசுவை அழித்துவிட்டுக் காப்பி அடித்தவர்கள் என்று எழுது. நாலு கால் இருந்த இடத்தில் அந்தப் பெருக்கல் குறி. மேசை இருந்த இடத்தில் — அவள்.

என்னடி பண்ணி வெச்சிருக்கே? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, தான் எழுதும்போது புத்தி எங்கே போச்சு?

பிப்ரவரி 13
அறிக்கையின் நகலை எடுத்து மூன்று தடவை படித்தேன்.

பிப்ரவரி 16
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, உன் வாதம் தப்பு. அதனால அவ அடிக்கலைன்னு ஆயிடுமா?" ஆகாது. செல்லாத வாதத்தின் முடிவு உண்மையாகவும் இருக்கலாம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனுஷன் எனக்குத் தர்க்கம் சொல்கிறார். சரியாகவும் சொல்கிறார், அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 19
முதல்வரிடம் கெஞ்சி, அவளுக்குத் தனியறையில் ஒரு தேர்வு வைத்தேன். அப்பாவோடு வந்தாள். அவர் வராந்தாவிலேயே நின்றார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஏழாம் கேள்வி மாதிரியே ஒன்று கொடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் அதே தப்பைச் செய்தால், அது அவளுடைய சொந்தத் தப்புதான். ஒரு பிள்ளை தப்பாக எழுத வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது இன்றைக்குத்தான்.

சரியாக எழுதிவிட்டாள்.

"தப்பாப் போட்டதுக்கு அப்புறம் படிக்காம இருப்பேனா மேடம்?" என்றாள். இரண்டு வாரமாக அதையேதான் படித்தாளாம். இப்போது எனக்கு இந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20
அறிக்கையைத் திரும்பப் பெற்றேன்.

"அப்ப அவ காப்பி அடிக்கலைங்கிறீங்களா?"

"தெரியாதுங்கிறேன் சார். தெரியாமலே எழுதிட்டேங்கிறேன்."

அவளுடைய நீக்கத்தை மட்டும் ரத்து செய்தார். இனிமேல் தேர்வு வேலை எதுவும் எனக்குக் கிடையாதாம். வேண்டியதுதான்.

பிப்ரவரி 23
குட்டைப்பின்னல் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். போகிறாள் என்று நினைத்தேன், போகவில்லை.

"நான் காப்பி அடிக்கலைன்னு நீங்க நம்புறீங்களா மேடம்?"

"நீ அடிச்சேன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லம்மா."

"நான் அதைக் கேட்கலை."

மணி அடித்தது, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

மார்ச் 2
வரலாற்றுத் துறைக்கு மாறுகிறாள். விண்ணப்பத்தில் என் கையெழுத்து வேண்டும். அவள் வரவில்லை, அலுவலக உதவியாளரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த விருப்பம்' என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

அவளை நம்புகிறேன். ஆதாரம் கிடையாது, இருந்தாலும் நம்புகிறேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதி என்ன பிரயோஜனம்?