மூச்சை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்

உங்கள் அக்கா அயர்லாந்திலிருந்து அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் வந்தது உங்கள் கம்பளிச் சட்டையின் வாசனைதான். சென்னை வெயிலில் நீங்கள் அதை ஒருநாளும் போட்டதில்லை. எங்கள் மாடி அறைக் கொடியில் சும்மா தொங்கிக்கொண்டு, மழையில் நனைந்த நாய்க்குட்டி மாதிரி நாறும். அதற்குள் சுற்றி ஒரு கேசட். மேலே சிவப்பு மையில் என் கையெழுத்து: 'அம்மா. அழித்துவிடவும்.' கூடவே ஒரு கடிதம். நீங்கள் போன மாதம் இறந்துவிட்டீர்கள் என்று அதில் இருந்தது.

கடிதத்தை மேலே படிக்கவில்லை. அழிக்கவில்லையே இந்த மனுஷன் என்றுதான் முதலில் தோன்றியது. செத்த பிறகும் உங்கள்மேல் கோபம் வந்தது. மறைப்பானேன்.

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. மயிலாப்பூர் சபாவில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தீர்கள். மேடையில் பாடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் தம்புரா போட்ட அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முன்வரிசை மாமா ஒருவர் திரும்பி, "என்ன சார், பாடறவரைப் பாக்காம தம்புராவையே பாத்துண்டிருக்கேள்?" என்றார். "அவங்கதான் பாட்டைத் தூக்கிட்டு இருக்காங்க" என்றீர்கள், ஆறு மாதத்தில் கற்ற தமிழில். அடையாறில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த நான் சிரித்துவிட்டேன். அப்படித்தான் பழக்கம். கடல் சத்தம் கேட்கிற அறை வேண்டும் என்றீர்கள். கொட்டிவாக்கத்தில் எங்கள் மாடி காலியாக இருந்தது.

இசையமைப்பாளர் என்றதும் தடபுடலாக எதையோ எதிர்பார்த்தோம். நீங்கள் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை எடுத்து நாலே நாலு சுரம் வாசித்தீர்கள். ஒவ்வொன்றையும் இழுத்து நிறுத்தி, நடுவில் பேசாமல் இருந்தீர்கள். பேசாமல் இருக்கும் நேரத்தையும் விரலால் எண்ணினீர்கள். என் தம்பி சேகர் பொறுமையில்லாமல், "எப்ப சார் ஸ்டார்ட் ஆவும்?" என்றான். "முடிஞ்சிடுச்சு" என்றீர்கள். அன்று வீடே சிரித்தது. அம்மா மீன்கூடையை இறக்கக்கூட மறந்து நின்றாள்.

அம்மா ஒப்பாரி பாடுவாள் என்று சொன்னது நான்தான். அந்தத் தப்பு என்னுடையது. நீங்கள் கேட்டதும் அம்மா, "இன்னா தொர நீ? சாவு இல்லாத ஊட்ல அத்தப் பாடுவாங்களா?" என்று அதட்டினாள். பிறகு உங்கள் ஊரைச் சொன்னீர்கள், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அதுவும் கடலோரக் கிராமம். அங்கும் ஒருகாலத்தில் பெண்கள் பிணத்தைச் சுற்றி அழுது பாடினார்கள். பாதிரிமார்கள் அதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் அம்மா இறந்தபோது நீங்கள் வெளியூரில் இருந்தீர்கள், போய்ச்சேர முடியவில்லை. போயிருந்தாலும் பாட ஆள் இல்லை. உங்கள் இசையில் அத்தனை நிறுத்தம் ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"ஆத்தாளுக்கு ஒருத்தருமே அழுவலியா?" என்றாள் அம்மா. எழுந்து உங்களை மணலுக்குக் கூட்டிப்போனாள். கடலைப் பார்த்து உட்கார்ந்து, முகம் தெரியாத உங்கள் தாய்க்காக ஒரு மணி நேரம் பாடினாள். நீங்கள் பதிவு செய்தீர்கள். குளித்த பிறகுதான் உங்களை வாசற்படி ஏற விட்டாள்.

உடம்பு குளித்தது. கேசட் குளிக்கவில்லை. அதை நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சுரம் எழுதுவதற்காக மாடியில் அதைப் போட்டீர்கள். ஒரு வரி ஓடும், நிறுத்துவீர்கள், பின்னால் சுற்றுவீர்கள், மறுபடி அதே வரி. சந்தையிலிருந்து வந்த அம்மா மாடிப்படியடியில் நின்று தன் அழுகையைத் தானே கேட்டாள். "மேல யாருக்கும்மா பாடிக்கினு கீறாங்க?" என்று என்னிடம் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஓடிவந்து சொன்னேன். நீங்கள் வெளிறிப்போய் அம்மாவின் காலைத் தொட்டீர்கள்.

அடுத்த மாதம் சேகர் கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் பாலவாக்கத்தில் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். பெற்றவள் எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. உலுக்கிக் கேட்டபோது, "அதான் முன்னாடியே பாடிட்டேனே. தொர மெஷின்ல கீதே" என்றாள். அழாமலே என் தம்பியைக் கொண்டுபோனார்கள். நான் மாடிப்படியில் நின்று உங்களைக் கொலைகாரன் என்றேன். கேசட்மேல் அழித்துவிடச் சொல்லி எழுதி உங்கள் கையில் திணித்தேன். அன்றே கிளம்பினீர்கள்.

அதற்குப் பிறகு அம்மா யார் சாவுக்கும் பாடவில்லை. நானோ, எந்த நாட்டிலோ ஒரு அரங்கத்தில் அவள் அழுகைக்கு வெள்ளைக்காரர்கள் கைதட்டுகிறார்கள் என்று நினைத்து நினைத்தே இத்தனை வருஷத்தை ஓட்டினேன்.

கோபம் தணிந்தபின் கடிதத்தை முழுக்கப் படித்தேன். நான் சொன்னபடி ஒவ்வொரு வரியாகப் பாட்டை அழித்துவிட்டீர்களாம். வரிக்கு வரி நடுவில் அம்மா இழுத்த மூச்சை மட்டும் அழிக்க மனம் வரவில்லையாம். அதை எந்த மேடைக்கும் கொடுக்கவில்லையாம்.

நீங்கள் போன சேதியை அம்மாவிடம் சொல்லிவிட்டு, கேசட்டைப் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டேன். வயோலாவில் ஒரே சுரம், தம்புரா மாதிரி. அதன்மேல் அம்மாவின் மூச்சு. பிறகு ஒரு வரி நீளத்துக்கு வெறுமை. மறுபடி மூச்சு. கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "ஊட்ல வேணாம். தூக்கிக்கினு வா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மணலில் வைத்தேன். மூன்று வெறுமைகள் அப்படியே போயின. நான்காவதில் அம்மா பாடினாள். "கரைக்கு வந்தியே, ஊட்டுக்கு வரலியே, எங் கண்ணே சேகரு." நீங்கள் விட்டுவைத்த இடத்தில் வரி சரியாகப் பொருந்தியது. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் அவளுடைய பழைய மூச்சே வந்தது. பாடிக்கொண்டே போனாள். கடைசி வெறுமையில், "ஆத்தாளப் பாக்கப் போயிட்டியா தொர" என்றாள்.

வந்து இருவரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். சேதி கேட்டுக் குளிப்பது எங்களில் உறவுக்கு மட்டும்தான். அம்மா இப்போது தூங்குகிறாள், அவள் பாடி முடித்துவிட்டாள். எனக்குப் பாட வராது. அன்று படியில் நின்று உங்களைச் சொன்னேனே, அந்த ஒரு சொல் இன்னும் என் வாயிலேயே இருக்கிறது, சார்.