வேம்பியை ஒப்புவியோம்

ஏழு துறைமுகங்களும் புரக்கும் செழுங்கரைப் பேரரசர், வயவேந்தர் பெருமானார் திருமுன்பு, வரைக்கோட்டு நாடாளும் அரசி பூங்குழையாள் விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளுக்கு மரக்கலங்கள் குறைவின்றி வந்தடைக. தங்கள் வயல்களில் நீர் வற்றாதிருக்க. உடன்பிறந்தாரை இழந்த தங்கள் துயரம் எம் துயரமும் ஆகும்.

தங்கள் இளவல் பரிதியார் எம் விருந்தில் நஞ்சுண்டு மாண்டார் என்றும், அன்று சமைத்த வேம்பியை விலங்கிட்டு அனுப்பாவிடில் படை வரும் என்றும் எம் அவையிலிருக்கும் தங்கள் தூதர் விழுப்பரையர் வழியே தங்கள் ஆணை வந்தது. எம் மறுமொழிக்கு முன், நடந்ததை எம் மருத்துவச்சி மாசாத்தி கண்டபடி கேட்டருள்க.

மாசாத்தி எம் மருத்துவப் பள்ளியில் பதினெட்டு மாணாக்கருக்கு உடலின் உள்ளமைப்பைக் கற்பிப்பவள். விருந்தன்று பந்தியின் கடைக்கோடியில் அமர்ந்திருந்தாள். பரிதியார் மான்கறித் துண்டொன்றை வாயிலிட்டு, அருகிருந்தவர் சொன்ன வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து இரு கைகளாலும் கழுத்தைப் பற்றினார். இருமலும் வரவில்லை, குரலும் வரவில்லை. நஞ்சு, நஞ்சு என்று அவை அலறியது. மாசாத்திக்கோ பார்த்த கணமே விளங்கிவிட்டது. இலைகளைத் தாண்டி ஓடி, அவரைக் குனியவைத்து, தோள்களுக்கு நடுவே ஓங்கி இருமுறை அடித்தாள். மூன்றாம் அடிக்குக் கை உயர்ந்தபோது, அரச மேனியை அடித்தாள் என்று தங்கள் மெய்க்காவலர் ஈட்டிக்காம்பால் அவளைத் தள்ளி வீழ்த்தினர்.

தரையில் கிடந்து அவள் கதறியதை மாற்றாமல் எழுதுகிறோம்: "விடுங்கய்யா, மூச்சுக்குழல் அடைச்சிருக்கு! இன்னும் ரெண்டு அடி போட்டா வெளிய வந்துடும். அப்புறம் என்னைக் கொன்னுக்குங்க!"

ஒருவரும் விடவில்லை. பரிதியாரின் உதடுகள் நீலம் பாரித்தன, சாய்ந்தார். காப்பாற்றக்கூடிய உயிர் பத்தடி தூரத்தில் போவதை மாசாத்தி பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மறுநாள் காலை, மாண்டவரின் கழுத்தைத் திறந்து பார்க்க இசைவு தருமாறு அவள் விழுப்பரையரை நேரில் வேண்டினாள். அரச மேனியில் கத்தி படலாகாது என்று அவர் மறுத்தார். ஆகவே ஓர் ஆட்டின் கழுத்தை மாணாக்கர் சூழப் பிளந்து காட்டினாள். முன்னால் இருப்பது வளையம் வளையமாக விறைத்து நிற்கும் மூச்சுக்குழல். அதன் பின்னால் துவண்டு கிடப்பது உணவுக்குழல். மேலே, விழுங்கும்போதெல்லாம் மூச்சின் வழியை மூடும் சிறு மூடி. மனிதர்க்கும் அமைப்பு இதுவே என்றும், வாயில் உணவோடு சிரிக்கையில் மூடி திறந்துகொள்ளும் என்றும் விளக்கினாள். கத்தியின்றி வாயை மட்டும் திறந்து பார்க்க அதன்பின் தூதர் இசைந்தார். நீண்ட குறட்டால் அவள் மூச்சுக்குழலின் வாயிலிலிருந்து வெளியே எடுத்தது கட்டைவிரல் பருமனுள்ள மான்கறித் துண்டு.

அதைத் தூதர் தம் கண்ணால் கண்டார், முகம் வெளிறினார், எனினும் தங்களுக்கு நஞ்சென்றே எழுதினார். மெய்க்காவலர் பிழையைச் சொல்வதினும் ஒரு சமையற்காரியைக் கொல்வது அவருக்கு எளிதாயிற்று போலும். அதே பானைக் கறியை யாமும் உண்டோம். இதோ உயிரோடிருந்து எழுதுகிறோம்.

ஆதலின் வேம்பியை ஒப்புவியோம். அவள் எம் அடுக்களையிலேயே இருப்பாள். தங்கள் படை பெரிது, எம் கோட்டை சிறிது என்பதை அறிவோம், அறிந்தே மறுக்கிறோம். மேலும் எம் நாட்டுக் காவலர் அனைவரும் மாசாத்தியின் பள்ளியில் இப்பாடம் பயில்க என்றும், மூச்சடைத்தவர் எவராயினும், யாமே ஆயினும், தொடவும் அடிக்கவும் எவருக்கும் தடையில்லை என்றும் இன்று ஆணையிட்டோம்.

முத்திரையிடும் வேளையில், இன்னும் ஒன்று எழுதவேண்டும் என்று மாசாத்தி கேட்டாள். காவலர் தன்னைத் தள்ள வந்தபோது பரிதியார் தன் மறுகை மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார் என்றும், விரல் விரலாகப் பிரித்தே காவலரால் விடுவிக்க முடிந்தது என்றும் தமையனார் அறியவேண்டும் என்றாள்.

இது எம் கைச்சாத்து. இது வரைக்கோட்டு முத்திரை.