கழுவிக் கொண்டுபோன குப்பை

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை விடாமல் தேய்க்கிறீர்களா?

எங்கள் சுற்றுச்சூழல் துறையில் நேற்று ஒரு கூட்டம். அவரவர் ஒரு வாரக் குப்பையைப் பையில் கொண்டுவந்து, கல்லூரியின் அக்கம்பக்கத்தார் முன்னால் எடை போட வேண்டும். நாலு பேர் பார்ப்பார்களே என்று என் குப்பையைக் கழுவித் துடைத்து, மடித்துக் கொண்டுபோனேன்.

"குப்பையைக்கூடவா குளிப்பாட்டுவாங்க?" என்று பேராசிரியை சிரித்துவிட்டார்.

எடை போட்டால், என் பைதான் எல்லாவற்றிலும் குறைவு. எல்லோரும் கைதட்டினார்கள். "எப்படிம்மா இவ்வளவு குறைச்சே? அடுத்த வாரம் மேடையில வந்து சொல்லு" என்கிறார் பேராசிரியை.

என்ன சொல்வதென்றே புரியவில்லை, அப்பா. நான் எதையும் குறைக்கவில்லை. என் அறைக்கு யாரும் வருவதில்லை, அவ்வளவுதான். எதற்குத் தட்டுகிறார்கள் என்று விளங்காமல் நானும் சேர்ந்து தட்டிவிட்டேன்.

கவலைப்படாதீர்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். ஒன்று மட்டும் எழுதுங்கள். நம் வீட்டில் ஐந்து பேருக்கு நீங்கள் போடும் உப்பு அளவுதான் எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும்? எவ்வளவு பார்த்துப் போட்டாலும் கரிக்கிறது.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் கடைக்குட்டி