மூன்றாம் எண் குழாயில் நுரை வந்த கதை

பத்தங்காஸ், பிலிப்பைன்ஸ்,
ஆகஸ்ட் 19

அன்பு மகள் ஜோவலினுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ரிஸாலின் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கை, கோழிகள் பதினொன்றும் சுகம். தோஹாவில் நீயும் மாப்பிள்ளையும் என் ஆறு மாதப் பேரனும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் சேவல் சண்டை நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது காணாமல் போய்விடுகிறது.

கிணற்று விஷயம் கேட்டிருந்தாய். முனையில் மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்கின் தொட்டி கசிந்து நிலத்தடி நீரில் கலந்ததை நான்கு வருஷமாக பம்பு போட்டு உறிஞ்சி சுத்தம் செய்கிறார்கள், நமக்கு இன்னும் லாரித் தண்ணீர்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நம் தெருவில் அங்கங்கே நிலத்துக்குள் இறக்கியிருக்கும் ஏழு சோதனைக் குழாய்களிலும் தண்ணீர் எடுத்துப் பார்ப்பார்கள், தொடர்ந்து நாலு தடவை சுத்தமாக வந்தால் பம்பை நிறுத்திவிட்டுக் கிணற்றைப் புழங்கச் சொல்வார்கள். மூன்று தடவை வந்துவிட்டது. டிசம்பரில் நீ வரும்போது பேரனை நம் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை, அதற்கு இந்த நாலாவது தடவை தேற வேண்டும்.

(அக்கா, இந்த இடத்தில் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் தாழ்த்தாமல் எழுதுகிறேன்.)

தண்ணீர் எடுத்துப் பார்க்க எஞ்சினியர் கத்திண்டிக் வருகிறாள் என்றதும் முற்றத்தைப் பெருக்கி, மேசைக்கு நல்ல விரிப்பு போட்டு, பான்சித் நூடுல்ஸ் கிளறி வைத்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் சும்மா அனுப்ப முடியுமா? அப்போதுதான் நம் முற்றத்தில் இருக்கும் மூன்றாம் எண் குழாய் கண்ணில் பட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் சேற்று நாற்றம். படித்த பெண், நம் வீட்டுப் பொருளைத் திறந்து மூக்கைப் பொத்தினால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இரண்டு வாளி லாரித் தண்ணீர் ஊற்றினேன். வாசத்துக்காக, துணி அலசும்போது ஊற்றுவோமே அந்த மல்லிகைத் தைலம், அதில் கொஞ்சம் விட்டேன்.

(அரைப் புட்டி, அக்கா.)

எஞ்சினியரின் ஆள் குழாயில் பம்பை விட்டுத் தண்ணீர் இழுத்ததும் நுரை நுரையாய் வந்தது. அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, "மேடம், இந்தக் குழாய் நம்மளவிட நல்லா குளிச்சிருக்கு" என்றான். நான் அடுப்படிக்குள் போய் ஏற்கனவே வெந்த பான்சித்தை மறுபடி கிளறினேன். உன் அப்பா ஒன்றும் தெரியாதவர் போல, "மழைக்காலம் பாருங்க, அப்படித்தான் வரும்" என்றார். எஞ்சினியர் யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டு பூரிங் அக்கா நடத்தும் சலவைக் கடைத் தண்ணீர் மண்ணில் இறங்குகிறது போலிருக்கிறது, அதை மூடச் சொல்லி எழுத வேண்டிவரும் என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பூரிங் வாளியைப் போட்டுவிட்டு வந்தாள். "எங்கடைத் தண்ணி சாக்கடைக்குத்தான் போகுது. அந்தக் குழாயில மல்லிகை மணக்குதுன்னா அந்த வீட்டுலயே கேளு. கொராசோன், வெளிய வாடி" என்று என் பேரைச் சொல்லிக் கத்தினாள். எனக்குக் காது கேட்கவில்லை.

கேட்டது உன் தங்கைக்கு. கடையில் உப்பு கேட்கவே வெட்கப்பட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறவள், பள்ளிக்கூடத்தை விட்டதே டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்ற பயத்தில்தான், அவள் திரைக்குப் பின்னாலிருந்து, "பூரிங் அக்கா இல்ல மேடம். எங்கம்மா" என்றாள். ஐந்து வார்த்தை. பத்து மாதம் சுமந்தவளைப் பிடித்துக் கொடுக்க அது போதும்.

(ஆறாவதும் ஏழாவதும் சொன்னேன். "அரைப் புட்டி.")

எஞ்சினியர் சிரித்துச் சிரித்து நல்ல விரிப்பிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். பூரிங் சிரிக்கவில்லை, ஆனால் இரண்டு தட்டு பான்சித் சாப்பிட்டாள். அப்புறம் மூன்று நாள் அந்தக் குழாயை இறைத்து, நுரை நின்ற பிறகு புதிதாகத் தண்ணீர் எடுத்துப் போனார்கள்.

முடிவு நேற்று வந்தது. தேறவில்லை. நம் குழாயில் மட்டும் பெட்ரோல் அளவு கூடியிருக்கிறது. மழைக்கு நிலத்தடி நீர் ஏறும்போது மண்ணில் ஒட்டியிருந்தது மறுபடி கரையுமாம், மழை இல்லாத மாதங்களில் மூன்று தடவை சுத்தமாக வந்ததை நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம் என்றாள் எஞ்சினியர். பம்பு இன்னும் ஒரு வருஷம் ஓடும், கணக்கு முதலிலிருந்து. எனக்கு அழுகை வந்தது. பிறகு ஒன்று தோன்றியது. நான் தைலம் விடாமல் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தால் நுரை வந்திருக்காது, ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள், நாலாவதும் தேறியிருக்கும். டிசம்பரில் என் கையாலேயே பேரன் தலையில் அந்தப் பெட்ரோல் தண்ணீரை ஊற்றியிருப்பேன். அதிலிருந்து உன் தங்கையைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

(காலையில்தான் நிறுத்தினார்.)

பயணத்தைத் தள்ளிப் போடாதே. அவன் லாரித் தண்ணீரில் குளிக்கட்டும், ஊரே அதில்தான் குளிக்கிறது. விமானத்தில் குழந்தைக்குக் காலுறை போடு, தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வை. கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
கொராசோன்

(மூன்றாம் எண் குழாய்க்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவியை அம்மாவிடம் கொடுக்க வேண்டாம் என்று எஞ்சினியரிடம் நானே போய்ச் சொன்னேன், சீட்டு இல்லாமல். - ரிஸாலின்)