சோதியின்ரை பேர்

லுசேர்ண்
14.11.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கடை முழங்கால் நோ குறைஞ்சுதோ? தம்பிக்குப் பெட்டை பிறந்தது சந்தோசம். அதுக்கு, செத்துப்போன என்ரை சோதியின்ரை பேரை வைக்கட்டோ எண்டு கேட்டிருந்தியள்.

என்னோடை ஓட்டலிலை அறை துப்பரவாக்கிற ஐரிஷ் பெட்டை ஒருத்திக்குப் பேர் நீவ். சட்டையிலை குத்தியிருக்கிற பேரிலை கடைசியா எம்மும் எச்சும் நிக்குது, வாயிலை 'வ்' எண்டு வருது. அவையின்ரை பாசை அப்பிடியாம். கருத்து வெளிச்சமாம். "என்ரை மகள் சோதியின்ரை பேருக்கும் அதுதான் கருத்து" எண்டு சொல்லேக்கை அழுதிட்டன்.

அவள் என்னைக் கட்டிலிலை இருத்திச் சொன்னாள்: "அக்கா, இது எனக்கு முந்திப் பிறந்து செத்தவளின்ரை பேர். அம்மா கூப்பிட்டா ஓடிப்போவன். என்னைக் கண்டதும் அவவின்ரை முகம் வாடிப்போகும்." அக்கா எண்டு சொல்ல நான்தான் பழக்கினனான்.

எனக்கும் முகம் வாடும் அம்மா. ஒண்டுமறியாத பிள்ளை அதைப் பாக்கக்கூடாது. வேறை பேர் வையுங்கோ. தம்பி கோவிச்சா நீங்கள்தான் சொல்லோணும். சோதியின்ரை சட்டை ஏதும் கிடந்தா எனக்கு அனுப்பிவிடுங்கோ. கடைசியா முகம் பாக்கவும் குடுத்துவைக்கேல்லை. இஞ்சை அவளின்ரை எண்டு என்னட்டை அந்தப் பேர் மட்டும்தான் இருக்கு.

வேலைக்குக் கூப்பிடுகினம், போறன்.

மகள்
தவமணி