வாசலில் நீட்டாதே

அன்பு மகளுக்கு,

குழந்தையோடு வருகிறாயாம். வந்ததும் வாசலிலேயே அவனை என்னிடம் நீட்டிவிடாதே. ஆசையில் நான் இரண்டு கையாலும் வாங்கிவிடுவேன் என்று உன் அம்மாவுக்குப் பயம்.

விபத்தில் அடிபட்ட தோள் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார்: "நஷ்டஈட்டு கேஸ் முடியற வரைக்கும் கைக்கட்ட அவுக்காதீங்க சார். இன்சூரன்ஸ்காரங்க எங்கேர்ந்தாவது போட்டோ எடுப்பாங்க."

எனக்குத் தலை வாரி விடுவதுகூட உன் அம்மாதான். கொஞ்சம் அசைந்தால் போதும், "ஜன்னல் தெறந்திருக்கு, கைய எறக்குங்க!" என்று அதட்டல்.

நேற்று குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு கட்டை அவிழ்த்தேன். பேரனைத் தூக்கிப் பழகலாமென்று கையை உயர்த்தினேன். மார்புக்கு மேல் எழவில்லை. நிஜமாகவே எழவில்லை, கண்ணு.

அம்மாவிடம் சொல்லாதே. வக்கீலிடமும் சொல்லாதே, சந்தோஷப்படுவார்.

உன் அப்பா