காற்றுச் சுரங்கத்தில் நான் திருத்திய கோடு

என் ரோஸ்லினுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளையூரணியில் நாம் வாடகைக்குப் பிடித்திருந்த ஷெட் இப்போது டைல்ஸ் குடோன். நேற்று பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

ப்ளைவுட்டில் நாம் அடித்த காற்றுச் சுரங்கம், ஒரு முனையில் ஃபேன் வைத்த அந்த நீளப் பெட்டி, ஞாபகம் இருக்கிறதா? காற்று நேராக வரட்டும் என்று அதன் வாய் முழுக்க ஜூஸ் ஸ்ட்ரா ஒட்டினோம். கடைக்கார அண்ணாச்சி, "ஏளா, எத்தன பேருக்கு ஜூஸ் போடுதிய?" என்றார். "ஆளே கிடையாது அண்ணாச்சி" என்றாய் நீ. உண்மைதானே. காணாமல் போகும் படகுகளைத் தேட நாம் செய்தது ஆளில்லா விமானம்.

அதன் சின்ன மாதிரியைச் சுரங்கத்தில் மாட்டி, காற்று எவ்வளவு தூக்குகிறது என்று அளப்பது உன் வேலை. அந்த எண்களை வைத்து, ஓட்டுகிறவர் தரையிலேயே பழக சிமுலேட்டர் செய்வது என் வேலை. மாதிரியின் மூக்கை ரொம்ப உயர்த்தினால் அளவு தாறுமாறாக ஆடியது. மறுநாள் கல்லூரியில் செய்து காட்ட வேண்டும். உன்னிடம் சொல்லாமல் அந்த ஆட்டத்தை அழித்து, உன் எண்களை வரைந்த கோட்டை வழவழப்பாக்கினேன். சிமுலேட்டரில் விமானம் அழகாகப் பறந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த வாரம் கடற்கரையில் நிஜமாகப் பறக்கவிட்டோம். சிமுலேட்டரில் பழகியபடியே மூக்கை உயர்த்தியதும் கடலில் விழுந்தது.

"அளந்தது யாரு?" என்று கல்லூரி சார் கேட்டார்.

"நான்தான் சார்" என்றாய். நான் கோட்டைத் திருத்தியது உனக்கு அதற்குள் புரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில், "ஏன் என்னயச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவன்னு பாத்தேன், மைமூன்."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஃபேனைப் போட்டுவிட்டு, "வா, மறுபடி அளப்போம்" என்றாய். காய்ச்சலோடு அளந்து முடித்தாய். அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் என்று யார் கண்டது?

அந்த எண்கள்தான் இன்றும் சிமுலேட்டரில் இருக்கின்றன. போன மாதம் இன்ஜின் நின்றுபோன படகு ஒன்றைத் தேடினோம். எதிர்காற்றில் விமானத்தின் மூக்கு எழும்பியது. ஓட்டிய செல்வி பதறாமல் மூக்கை இறக்கிச் சமாளித்தாள். "சிமுலேட்டர்லயும் இப்படித்தான்க்கா ஆடும்" என்றாள். படகில் மூன்று பேர், உயிரோடு.

உன் அம்மா மட்டும் இன்னும், "எம்மவ தப்பா அளந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்குப் போகிறேன். நீ அளந்த கோட்டையும் நான் திருத்தியதையும் அம்மா கையில் கொடுப்பேன். பிறகு சாரிடம் போவேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், சொல்லி முடிக்காமல் எழுந்து வரமாட்டேன், ரோஸ்லின்.

உன் வீட்டில் இன்னொரு மகளாக உட்கார்ந்து சோறு தின்ற
மைமூன்